பறவைக் காய்ச்சல்: கோழி வளர்ப்போர் தடுப்பு நடைமுறைகளை ஏற்பதும் தவிர்ப்பதும் ஏன்?

காய்ச்சலும் இருமலுமாக வரும் நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று, "வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ கோழி, வாத்து ஏதேனும் அண்மையில் செத்ததா?" என்பது. எளிய கேள்விதான். ஆனால், அதற்கு நேரான விடை கிடைப்பது அரிது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி ஒருவர் மூன்று நாள் காய்ச்சலுடன் வந்தார். இக்கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் "இல்லீங்க" என்றார். மறுநாள் அவருக்கு மாத்திரை வாங்க வந்த மருமகள், அருகில் எவரும் இல்லாததை உறுதிசெய்துகொண்டு, "ஆறு கோழி செத்துப் போச்சுங்க. அத்தைதான் சொல்ல வேண்டாம்னாங்க" என்றார். பரிசோதனையில் அப்பெண்மணிக்கு வந்திருந்தது வழக்கமான பருவகாலக் காய்ச்சல் என்று தெரிந்தது. கோழிகள் வெள்ளைக் கழிச்சலால் செத்திருந்தன. ஆயினும் ஒரு நாள் வீணாயிற்று. பறவைக் காய்ச்சலாக இருந்திருப்பின், அந்த ஒரு நாள் சிகிச்சையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியிருக்கும்.

அவர் ஏன் மறைத்தார்? அறியாமை என்று கூறிவிடலாம். என் அனுபவத்தில் அது தவறான விடை. அவர் அறிந்தே மறைத்தார். செய்தி வெளியே போனால் அலுவலர்கள் வருவர், மீதமுள்ள கோழிகளும் போகும், அடுத்த வீட்டுக் கோழிகளும் போகும், தெருவில் முகம் கொடுத்துப் பேச எவரும் இருக்கமாட்டார்கள் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அந்தக் கணக்கில் பிழைகள் இருந்தன. ஆனால் அது கணக்குத்தான்.

கோழி வளர்ப்போரின் முடிவுகளைப் பற்றிய கட்டுரை நோயாளிகளுக்கான பக்கத்தில் எதற்கு என்று தோன்றலாம். பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை, மனிதர்களுக்கான தடுப்பு மருத்துவமனையில் தொடங்குவதில்லை; கோழிக் கொட்டகையின் வாயிலில் தொடங்குகிறது. அங்கே முடிவெடுப்பவர் உங்கள் கணவராகவோ தாயாராகவோ மாமியாராகவோ இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம்.

நோயைப் பற்றிச் சில அடிப்படைத் தகவல்கள்

பறவைக் காய்ச்சல் என்பது இன்புளுயன்சா 'ஏ' வகை வைரசுகளால் பறவைகளுக்கு வரும் நோய். காட்டு நீர்ப்பறவைகளே இவ்வைரசுகளின் இயற்கை இருப்பிடம். அவற்றிலிருந்து வாத்துக்கும் கோழிக்கும் தொற்றும்போது, எச்5என்1 போன்ற உயர்தீவிர வகைகள் ஒரு கொட்டகையையே சில நாள்களில் காலி செய்துவிடும். நோயுற்ற பறவையின் எச்சம், சளி, இரத்தம், இறகு ஆகியவற்றோடு நெருங்கிப் பழகும் மனிதர்களுக்கும் எப்போதாவது தொற்றும்.

எச்5என்1 மனிதர்களைத் தாக்கியது முதன்முதலில் 1997-இல் ஹாங்காங்கில் அறியப்பட்டது. 18 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தனர். 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட மனிதத் தொற்றுகள் 900-ஐத் தாண்டியுள்ளன. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் உயிரிழந்தனர். இந்தியாவில் பறவைகளிடையே இந்நோய் முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்து நவாபூரில். மனிதத் தொற்று இங்கு மிக அரிது. 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் எச்5என்1 தொற்றால் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திரப் பிரதேசத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அக்குழந்தை நோய் வருமுன் வேகாத கோழி இறைச்சித் துண்டை உண்டிருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது.

இந்நோய் ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதில் பரவுவதில்லை. நன்கு வேகவைத்த இறைச்சியாலும் முட்டையாலும் தொற்றுவதில்லை. 70 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்தால் வைரசு அழிந்துவிடும். ஆதலால் அச்சம் கொள்ள வேண்டிய இடம் சாப்பாட்டுத் தட்டு அன்று. நோயுற்ற பறவையைக் கையாளும் இடமே அது.

ஒரே நோய், வெவ்வேறு வளர்ப்போர்

'கோழிப் பண்ணையாளர்' என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், எல்லாருடைய நிலையும் ஒன்றன்று. நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். நாட்டின் முட்டை உற்பத்தியில் முன்னணியில் உள்ள பகுதி இது. வளைகுடா நாடுகளுக்கும் இங்கிருந்து முட்டை ஏற்றுமதியாகிறது. ஒரு முட்டைக்கோழி 18 முதல் 20 வாரங்கள் தீவனம் உண்ட பிறகே முட்டையிடத் தொடங்கும். 72 வாரங்களுக்கு மேலும் கூண்டில் இருக்கும். முதல் ஐந்து மாதம் செலவு மட்டுமே. ஆகவே இப்பண்ணையாளருக்கு நோய் என்பது ஓராண்டு முதலீட்டின் அழிவு. வாயிலில் வாகனச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினித் தெளிப்பு, கால் நனைக்கும் தொட்டி, சுற்றுவேலி ஆகியவை பெரும்பாலும் இத்தகைய பண்ணைகளில் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அங்கும் ஓட்டைகள் உண்டு. வேலிக்குள் நுழையும் வைரசு பறந்து வருவதைவிட வண்டியில் வருவதே அதிகம். முட்டை அட்டைகள் பண்ணைக்குப் பண்ணை சுற்றுகின்றன. தீவன லாரியும் எரு அள்ளும் லாரியும் ஒரே நாளில் பல பண்ணைகளுக்குச் செல்கின்றன. முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை வாங்கும் வியாபாரியின் கூண்டுகள் கழுவப்பட்டனவா என்று எவரும் பார்ப்பதில்லை. "வியாபாரியை வாசலில் நிறுத்தினால் அவர் அடுத்த பண்ணைக்குப் போய்விடுவார்" என்று ஒரு பண்ணையாளர் என்னிடம் கூறினார். அவர் கூறியது உண்மை. எல்லாப் பண்ணைகளும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் அது நடக்கும்.

பல்லடம், உடுமலை வட்டாரத்துக் கறிக்கோழி வளர்ப்போரின் நிலை வேறு. பெரும்பாலோர் ஒப்பந்த முறையில் வளர்க்கின்றனர். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகை, மின்சாரம், தண்ணீர், உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. ஏறத்தாழ ஆறு வாரங்களில் கோழிகள் எடுத்துச் செல்லப்படும்; எடைக்கேற்ப வளர்ப்புக் கூலி கிடைக்கும். பறவை ஒருவருடையது, கொட்டகை இன்னொருவருடையது என்னும்போது, உடை மாற்றும் அறை கட்டும் செலவை ஏற்பவர் யார்? நோயால் பறவைகள் அழிக்கப்பட்டால் இழப்பீடு பறவையின் உரிமையாளருக்கா, வளர்த்தவருக்கா? இக்கேள்விகளுக்கு ஒப்பந்தத் தாளில் தெளிவான விடை இல்லாதபோது, விவசாயி கொட்டகை வாயிலில் சிறிது சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டு அமைதியாகிவிடுகிறார்.

மூன்றாவது வகை, புறக்கடையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகள் வளர்ப்போர். இவர்களுள் பெரும்பான்மையினர் பெண்கள். இக்கோழிகளுக்குக் கொட்டகை இல்லை. இரவில் பஞ்சாரம், பகலில் தெரு, குப்பைமேடு, வயல். பள்ளிக் கட்டணத்துக்கும் திருவிழாச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் எவரிடமும் கை நீட்டாமல் அவர்கள் கையில் இருக்கும் பணம் அது. "கோழிகளை அடைத்து வளருங்கள்; காட்டுப் பறவைகளோடு சேர விடாதீர்கள்" என்று நாம் அறிவுரை வழங்குகிறோம். அவை தாமே மேய்ந்து திரிவதால்தான் அதில் ஆதாயமே உள்ளது. அடைத்துவைத்துத் தீவனம் வாங்கிப் போட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இந்த அறிவுரையைப் பின்பற்றாதவர்களைக் குறை கூறுமுன் அதை எழுதியவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்; எழுதியவர்களுள் நானும் ஒருவன்.

மேய்ச்சல் வாத்துகளைத் தனியே குறிப்பிட வேண்டும். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தைகளையும் தின்னுமாறு வாத்துக் கூட்டங்களை ஊர் ஊராக ஓட்டிச் செல்வது காவிரிப் படுகையிலும் கேரளத்துக் குட்டநாட்டிலும் நெடுநாளைய தொழில். வாத்துகள் சில வேளைகளில் நோய்க்குறி ஏதுமின்றியே வைரசைச் சுமக்கக் கூடியவை. 2004-இல் தாய்லாந்தில் ஏற்பட்ட பரவலை ஆராய்ந்தவர்கள், நோய் தோன்றிய இடங்கள் மேய்ச்சல் வாத்துகள் மிகுந்த பகுதிகளோடு நெருங்கிப் பொருந்துவதைக் கண்டறிந்தனர். குட்டநாட்டை உள்ளடக்கிய ஆலப்புழை மாவட்டத்தில் 2014, 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் வாத்துகளிடையே நோய் உறுதியானது.

'நமக்கு வராது' என்னும் எண்ணம் எங்கிருந்து வருகிறது?

1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் ஒரு புதிரை எதிர்கொண்டனர். காசநோயைக் கண்டறிய இலவச எக்ஸ்-ரே வசதியை மக்களுக்கு அருகிலேயே கொண்டுசென்றும் பலர் வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள், மனிதர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் சில கேள்விகளை வரையறுத்தனர். இந்நோய் எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு கெடுதி? இவர்கள் சொல்வதைச் செய்தால் பயன் உண்டா? அதற்கு நான் கொடுக்க வேண்டிய விலை என்ன? என்னால் அதைச் செய்ய இயலுமா என்ற கேள்வி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. பல நாடுகளில் கோழி வளர்ப்போரின் முடிவுகளை ஆராய்வோரும் இக்கேள்விகளையே பயன்படுத்துகின்றனர்.

இரண்டாவது கேள்விக்கு எவரிடமும் ஐயம் இல்லை; வந்தால் எல்லாம் போகும் என்பதை அனைவரும் அறிவர். சிக்கல் முதல் கேள்வியில் உள்ளது. கோழிகள் சாவது கிராமத்துக்குப் புதிதன்று. தலையைத் தொங்கவிட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இரண்டு நாளில் கூட்டமாகச் சாவதை நம் மக்கள் தலைமுறைகளாக வெள்ளைக் கழிச்சல் என்று அறிந்துள்ளனர். இராணிக்கெட் நோய் என்று கால்நடை மருத்துவர்கள் குறிப்பிடுவதும் அதுவே. பறவைக் காய்ச்சலின் வெளித்தோற்றமும் ஏறத்தாழ இவ்வாறே இருக்கும். கண்ணால் பார்த்து வேறுபடுத்துவது கால்நடை மருத்துவருக்கே கடினம். ஆகவே, கோழி செத்ததும் "வழக்கமான கழிச்சல்தான்" என்று ஒருவர் முடிவு செய்தால், பெரும்பாலான தடவைகளில் அவர் கூறுவது சரியாகவே இருக்கும். இதுதான் இங்குள்ள இடர். நூறு முறை சரியாக இருந்த ஒரு கணிப்பு நூற்றொன்றாம் முறை தவறும்போது எச்சரிக்கை மணி ஏதும் அடிப்பதில்லை.

இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமில் கோழிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டால், வழக்கமான கழிச்சலால் வரும் சாவு வெகுவாகக் குறையும். அதன்பின் கோழிகள் கூட்டமாகச் செத்தால் வீட்டார் தாமாகவே ஐயுறுவர்.

செலவு இன்று, பயன் என்றோ

தடுப்பு நடைமுறைகள் பெரும்பாலும் தினசரி வேலைகள். கொட்டகைக்கெனத் தனிக் காலணி, நுழையுமுன் கை கால் கழுவுதல், தொட்டியில் கிருமிநாசினியை மாற்றுதல், வெளியார் வருகையைக் குறித்துவைத்தல் என எதுவும் கடினமில்லை. ஆனால் எல்லாம் நாள்தோறும் செய்ய வேண்டியவை. பல நாள்களுக்கு முன் கரைத்து, சேறும் எச்சமும் படிந்த தொட்டியில் கால் நனைப்பதால் பயனில்லை. அழுக்குப் படிந்தால் கிருமிநாசினி வலுவிழக்கும். முதலில் காலணியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாதாரணச் சோப்பு நீரே இவ்வைரசின் கொழுப்பு உறையைக் குலைத்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. விலை உயர்ந்த மருந்து வாங்கினால்தான் தடுப்பு என்று எண்ணி ஒன்றும் செய்யாமல் இருப்போரை நான் கண்டிருக்கிறேன்.

முகக்கவசத்தைப் பற்றிப் பேசும்போது வெயிலையும் பேச வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ், எருவின் அம்மோனியா நெடிக்கு நடுவே, இறுக்கமான கவசம் அணிந்து நான்கு மணி நேரம் வேலை செய்யச் சொல்வது எளிது. அணிந்து பார்த்தவர்கள் கழற்றிவிடுகின்றனர். எல்லா நேரமும் அணியுங்கள் என்று சொல்லி ஒருபோதும் அணியாத நிலையை உண்டாக்குவதைவிட, செத்த பறவையை அகற்றும்போதும் எரு வாரும்போதும் கட்டாயம் அணியுங்கள் என்பது நடைமுறைக்கு உகந்தது என்று கருதுகிறேன். பண்ணைகளில் தங்கி வேலை செய்வோருள் பலர் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் என்பதும் மறக்கப்படுகிறது. தமிழில் எழுதிய அறிவிப்புப் பலகை அவர்களுக்குச் சுவர்ச் சித்திரம்.

மேலும் ஒருவர் தம் பண்ணையைத் தூய்மையாக வைத்திருந்தாலும், பக்கத்துப் பண்ணையார் அவ்வாறு செய்யாவிட்டால், நோய் வேலி தாண்டும். 'அவர் செய்யாதபோது நான் மட்டும் ஏன் செலவிட வேண்டும்?' என்ற எண்ணம் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றுகிறது. தடுப்பு நடைமுறைகள் ஓர் ஊரில் ஒன்று முழுமையாகப் பரவுகின்றன, அல்லது ஒருவரோடு நின்றுவிடுகின்றன.

சொல்வதா, மறைப்பதா?

எல்லாவற்றிலும் கடினமான முடிவு இதுவே. மத்திய அரசின் செயல்திட்டப்படி, நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை உள்ள வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்படும்; பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிக்கப்படும். நோயைத் தடுக்க இது தேவை. ஆனால் தகவல் கொடுப்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவருடைய கோழிகளோடு, நோயே வராத அண்டை வீட்டாரின் கோழிகளும் அவர் சொன்ன சொல்லால் போகின்றன. ஊராரின் கோபம் வைரசின்மேல் திரும்புவதில்லை; தகவல் கொடுத்தவர்மேல் திரும்புகிறது.

விலைச் சரிவு இன்னொரு காரணம். நோய் எங்கோ உறுதியானது என்ற செய்தி வந்ததுமே, நோயில்லாத பகுதியிலும் முட்டையும் இறைச்சியும் விலை வீழ்கின்றன. நாமக்கல்லின் முக்கியச் சந்தைகளுள் ஒன்று கேரளம். ஆலப்புழையில் வாத்து செத்தால் நாமக்கல்லில் விலை அசைவதைப் பண்ணையாளர்கள் பலமுறை கண்டுள்ளனர். வெந்த கோழிக் கறியைக் கண்டு அஞ்சும் நுகர்வோரும் இந்த மறைப்புக்கு ஒரு வகையில் காரணமாகின்றனர்.

இழப்பீடு இந்தத் தராசின் மறுதட்டில் வைக்கப்படுவது. அழிக்கப்படும் பறவைகளுக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்து இழப்பீடு வழங்குகின்றன. 2021 ஜனவரியில் கேரள அரசு, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும் அதற்குக் குறைந்த வயதுடையதற்கு 100 ரூபாயும் முட்டைக்கு 5 ரூபாயும் அறிவித்தது. சந்தை விலையோடு ஒப்பிட்டால் இழப்பீடு குறைவு என்பது வளர்ப்போரின் நெடுநாளைய குறை. பணம் கைக்கு வரும் வரையிலான காத்திருப்பும் அவர்களுக்குச் சுமை. எனினும், மத்தியச் செயல்திட்டப்படி அழிக்கப்படும் பறவைகளுக்கே இழப்பீடு. அதற்கு முன்பே செத்தவற்றுக்கு இல்லை. எனவே காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பீடு பெறத்தக்க பறவைகளின் எண்ணிக்கை குறைகிறது. இந்த ஒரு செய்தியை அறிந்தபின் தம் முடிவை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு.

மறைக்க முடிவு செய்தால் அடுத்து நடப்பவைதாம் மருத்துவராகிய என்னை அச்சுறுத்துகின்றன. செத்தவற்றை ஓடையில் எறிகின்றனர். உயிரோடு இருப்பவற்றை அவசரமாக விற்கின்றனர். 'சாகுமுன் அறுத்துவிடலாம்' என்று நோயுற்ற கோழியை வீட்டு முற்றத்திலேயே அறுத்து, வெந்நீரில் நனைத்து, இறகு பறிக்கின்றனர். குழந்தைகள் அருகில் நின்று பார்க்கின்றனர். வைரசு மனிதருக்குள் புகுவதற்கு இதைவிட வாய்ப்பான வேளை வேறில்லை. எகிப்து உள்ளிட்ட நாடுகளில் வீட்டில் கோழி அறுத்துச் சுத்தம் செய்த பெண்கள் பலர் தொற்றுக்கு ஆளாயினர். குழம்பு கொதிக்கும்போது ஆபத்து நீங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் அது உள்ளது.

இங்கு ஓர் அச்சத்தைத் தெளிவாக நீக்க வேண்டும். இரண்டு கோழி செத்ததாகத் தெரிவித்தால் உடனே வண்டி வந்து ஊர்க் கோழிகளை எல்லாம் அள்ளிச் செல்வதில்லை. கால்நடை மருத்துவர் மாதிரிகளை எடுப்பார். அவை ஆய்வகத்துக்குச் செல்லும். போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம் உறுதிசெய்த பிறகே அழிக்கும் பணி தொடங்கும். அதுவரை பறவைகளை வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று கூறப்படலாம். பெரும்பாலான மாதிரிகளில் கண்டறியப்படுவது வேறு நோய்களே.

மனத்தை மாற்றுவது எது?

அச்சுறுத்தும் செய்திகள் ஒரு மாதம் வேலை செய்கின்றன; பிறகு பழைய நிலை திரும்புகிறது. இதை நான் பலமுறை கண்டுவிட்டேன். நீடித்த மாற்றம் வேறு வழிகளில் வருகிறது. வழக்கமாக வந்து போகும், கன்றுக்குட்டிக்கும் ஆட்டுக்கும் மருந்து கொடுத்த அதே கால்நடை மருத்துவர் சொல்லும்போது கேட்கின்றனர். முன்பின் தெரியாத அலுவலர் நோய் வந்த நாளில் மட்டும் வந்து சொன்னால் கேட்பதில்லை. 'பறவைக் காய்ச்சலுக்காக' என்று தனிக் காலணி அணிபவர் குறைவு. அதே காலணியால் குஞ்சுகளின் வழக்கமான சாவு குறைவதைத் தம் கணக்கு நோட்டில் ஒருமுறை பார்த்துவிட்டவர் அதை விடுவதில்லை. ஏற்றுமதிக்கு நோயின்மைச் சான்று வேண்டும் என்னும் நிலை பெரிய பண்ணைகளை ஒழுங்குபடுத்தியதைப்போல், புறக்கடையில் அந்த வேலையைச் செய்யக் கூடியது குடும்பத்தினரின் உடல்நலக் கவலைதான்.

வீட்டில் ஆஸ்துமா உள்ள மகனோ நீரிழிவு உள்ள தந்தையோ கருவுற்ற மகளோ இருந்தால், கோழிக் கூண்டைச் சுத்தம் செய்வது யார் என்பதை மாற்றுங்கள். இது பணம் செலவாகாத முடிவு. கோழிகளைப் பார்த்துக்கொள்பவர் பெண்ணாகவும், விற்பதையும் தகவல் கொடுப்பதையும் முடிவு செய்பவர் ஆணாகவும் உள்ள வீடுகள் பல. தினமும் பறவையைப் பார்ப்பவரின் சொல்லுக்கு அங்கு இடம் வேண்டும். நோயை முதலில் காண்பவர் அவரே.

நோயாளியும் பராமரிப்பவரும் செய்ய வேண்டியவை

பறவைகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை இல்லையெனில் தடித்த நெகிழிப் பையைக் கையில் சுற்றிக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். நோயுற்றவற்றை அறுக்கவோ விற்கவோ வேண்டாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ தெரிவியுங்கள். அவர்கள் கூறும் முறைப்படி ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உடையை மாற்றிக் குளியுங்கள்.

அதன்பின் பத்து நாள்கள் உங்கள் உடல்நிலையைக் கவனியுங்கள். நோய்க்குறிகள் பொதுவாக 2 முதல் 5 நாள்களில் தோன்றும்; சிலருக்குத் தாமதமாகலாம். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடல் வலி ஆகியவற்றோடு கண் சிவத்தலையும் பொருட்படுத்துங்கள். 2024 முதல் அமெரிக்காவில் கறவை மாட்டுப் பண்ணைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் தொற்றுக்கு ஆளான தொழிலாளர் பலருக்கு அதுவே முதன்மையான அறிகுறியாக இருந்தது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் இருக்கலாம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு காத்திராமல், அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்தல், மயக்கம், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் மூக்கு, தொண்டையிலிருந்து மாதிரி எடுக்கப்படும். ஐயம் வலுவாக இருந்தால், முடிவுக்குக் காத்திராமல் ஒசல்டாமிவிர் மருந்து தொடங்கப்படும். நோய்க்குறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் மிகுதி, தாமதமானாலும் கொடுக்கப்படும். செத்த கோழியைப் பற்றி நீங்கள் கூறாவிட்டால், மருத்துவர் இம்மருந்தை நினைக்கவே காரணம் இராது. நோயாளியை ஒருவர் மட்டும் கவனித்துக்கொள்வது நல்லது. அவர் முகக்கவசம் அணிய வேண்டும், அறையில் காற்றோட்டம் வேண்டும். ஆண்டுதோறும் போடப்படும் பருவகாலக் காய்ச்சல் தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. எனினும், இரு வைரசுகளும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் சேரும் வாய்ப்பைக் குறைப்பதால் பண்ணையில் வேலை செய்வோர் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

புறநோயாளிப் பிரிவின் வரிசையில், ஊரார் நால்வர் கேட்க, "எங்கள் கோழி செத்தது" என்று சொல்லத் தயக்கமாக இருப்பின், தனியே பேச வேண்டும் என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூறுங்கள். வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லலாம். 104 என்ற எண்ணில் தொலைபேசியிலும் ஆலோசனை கேட்கலாம். நோயாளி சொல்ல மறுத்தால், பராமரிப்பவர் சொல்லலாம்: எத்தனை பறவைகள், எந்த நாளில் செத்தன, அவற்றைத் தொட்டவர் யார், அறுத்தவர் யார். இந்த நான்கு விவரங்களும் மருத்துவருக்குப் போதும்.